வண்டியார் மெய்க்கீர்த்தி

மகாராசராசஸ்ரீ வண்டியாரே! பருத்தித்துறை முனை தொடங்கி நெல்லியடிச் சந்தி வரை, சேட்டுப் பொத்தான்கள் தெறிக்க முன்னே எழுந்தருளும் தொந்தித் திருமேனியே, வாழி!

உமது விருந்தோம்பலை என்னென்பது! ஓடக்கரைத் தோசை, தட்டை வடை, இராக் கொத்துரொட்டி, சீனி உறைந்த தேத்தண்ணி என்று வந்த எதையாவது வாசலில் மறித்ததுண்டா? குரக்கன் பிட்டைத் தின்று, ஒடியல் கூழைக் குடித்து, சைக்கிள் மிதித்த அப்புமாரின் அநாகரிகத்தை ஒழித்தீர். ஒழுங்கை முடக்குக் கடைக்கும் மோட்டார் சைக்கிளில் பவனிவரும் நாகரிகத்தை அருளினீர்.

உள்ளே நீர் நடத்தும் ஆட்சி அதனினும் சிறப்பு. கொழுப்புக் கலங்களை இரத்தம் எட்டாத அளவுக்கு ஊதச் செய்கிறீர். அவை ஒட்சிசனின்றி மாள, வெண்குருதிக் கலங்கள் திரண்டுவந்து அழற்சித் திருவிழா எடுக்கின்றன. ஒட்சிசனையே, கலங்களைத் தாக்கும் துணிக்கைகளாக்கி நீர் காட்டும் வாணவேடிக்கையை, யப்பானின் ஒசாக்கா ஆய்வாளர்கள் 2004இல் பருத்த எலிகளின் கொழுப்பிழையத்திலே தரிசித்தார்கள். துணிக்கைகளைப் பிறப்பிக்கும் நொதியம் அங்கே பெருகியிருந்தது. இன்சுலினுக்குத் துணைநிற்கும் அடிப்போனெக்ரின் என்னும் ஓமோன் குன்றியிருந்தது. நல்லமைச்சரின் வாயை அடைப்பதில் உமக்கு நிகர் யார்! நொதியத்தை மருந்தால் அடக்கியதும் எலிகளின் இரத்தச் சீனி இறங்கியதாம். அரச நிந்தையான அச்செய்தியை இங்கே விரித்துரையோம்.

உமது கொடையோ கர்ணனையும் நாணச் செய்யும். ஈரலுக்குக் கொழுப்பு, நாடிக்கு அடைப்பு, கண்ணுக்கு மங்கல், சிறுநீரகத்துக்கு அகால ஓய்வு: கேளாமலே தருகிறீர். சலரோகம், பிறஷர், கொலஸ்ரோல் என்னும் மூவேந்தரும் உமக்குச் சாமரம் வீசுகிறார்கள்.

சிக்கனத்திலும் நீரே முதல்வர். சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் ஐரோப்பிய ஆணின் இடுப்புச் சுற்றளவுக்கு 94 சென்ரிமீற்றரை அபாய எல்லையாக வைத்தது. தென்னாசிய ஆணுக்கோ 90, பெண்ணுக்கு 80. வெள்ளைக்கார வண்டி விரிந்த நிலத்தில் சாதிப்பதை நீர் ஒடுங்கிய நிலத்திலேயே சாதிக்கிறீர்!

கலியாணவீட்டில் உம்மைக் கண்டு "இப்பதான் நல்லாய் வந்திருக்கிறியள்" என்று பாடாத மாமிமார் உண்டா? மெலிந்தவனிடம்தானே "என்ன வருத்தம்?" என்று விசாரிக்கிறார்கள்.

ஆகையால் ஊரவரே, விடியப்புறம் கடற்கரை வீதியில் நடந்து இராசத்துரோகம் செய்வோரைக் கண்டால் மறித்து, ஒரு வடை கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். வண்டியார் நீடு வாழவேண்டும். அவரைச் சுமப்பவர் நீடு வாழ்வதைப் பற்றிப் பிறகு யோசிப்போம்.