எந்தக் கந்தையா?

கனடாவில் இருக்கிற பெரியப்பாவின் மகனுக்கு வம்சாவளி எழுதுகிற ஆசை பிடித்துவிட்டது. ஸ்காபரோவில் பனி கொட்டினால் திருகோணமலையில் எனக்கு வேலை வந்துவிடும். "தம்பி, அப்பப்பாவின்ர பிறந்த திகதிய ஒருக்கா எடுத்துத் தாடா. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! அப்பப்பா நாகலிங்கம் கந்தையா. அவருடைய தகப்பன் கந்தையா நாகலிங்கம். அவருக்குத் தகப்பன் மறுபடியும் நாகலிங்கம் கந்தையா. பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கிற பாசத்தில் பெயர் தலைமுறைக்கொரு தரம் கரணம் போட்டிருக்கிறது. பதிவாளர் கந்தோரில் கிளாக்கர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "எந்தக் கந்தையா வேணும்?" என்றார்.

கிடைத்தது ஓர் உத்தேச வயதுச் சான்றிதழ். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக, பொடியனை மேலும் கீழும் பார்த்து மதித்த வயது. அதன்படி பிறந்தது 1924. யுத்த காலத்தில் வெள்ளைக்காரனின் டொக்யாட்டில் வேலைக்குச் சேர அவரே இரண்டு வயது கூட்டியதால் சேவைப் புத்தகத்தில் 1922. சாதகத்தில் 1920. அப்பம்மாவின் நட்சத்திரத்துக்குப் பொருந்தும்படி சாத்திரியார் கொஞ்சம் தாராளமாக நடந்திருக்கிறார்.

அப்பப்பாவின் தங்கச்சி பெரியமாமியிடம் கேட்டேன். அவவின் நாட்காட்டியில் இரண்டே பக்கம்: சப்பான்காரன் குண்டு போட்டதற்கு முந்தி, 64 சூறாவளிக்குப் பிந்தி. அவ கணக்கில் அப்பப்பா பிறந்தது 1942 ஏப்ரல் 9, குண்டு விழுந்த அன்று. அதே அன்று அவர் டொக்யாட்டில் வேலைக்கும் நின்றவராம்.

பழைய காணி உறுதி எங்கே என்றால் சூறாவளி கொண்டுபோயிற்று என்பார்கள். 83 கலவரம், சுனாமி என்றும் சொல்வதுண்டு. பல வீடுகளில் அது முழு உண்மை. எங்கள் வீட்டு உறுதியைத் தின்றது கறையான். சூறாவளி என்றால் ஒரு மதிப்பு.

இன்னும் மேலே போவது சுகம். குளக்கோட்டன் என்ற மன்னன் கோணேசர் கோயில் தொழும்புக்குத் தானத்தாரையும் வரிப்பத்தாரையும் குடியேற்றியதாகக் கோணேசர் கல்வெட்டு சொல்கிறது. தமையனின் பிறந்த திகதி தெரியாத பெரியமாமிக்கு, எங்கள் ஆட்கள் குளக்கோட்டனோடு வந்திறங்கியது நேரில் பார்த்த மாதிரித் தெரியும்.

கல்லில் வெட்டினாலும் இதே பாடுதான். கோணேசர் மலையில் ஒரு தூண் நிற்கிறது. பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண், காதலன் கைவிட்டுக் கப்பலேறியதும் அங்கிருந்து கடலில் குதித்தாள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறோம். தூணில் இருப்பதோ அவள் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற திகதியும்தான். ஒல்லாந்தரின் ஏடுகளைப் பார்த்தால், அம்மணி அதற்குப் பிறகு கலியாணமும் கட்டியிருக்கிறா.

மூன்று திகதியையும் ஸ்காபரோவுக்கு அனுப்பினேன். எதைப் போட என்று அண்ணன் கேட்டான். பென்சன் வந்தது சேவைப் புத்தகத் திகதிக்கு, அதையே போடு என்றேன். பக்கத்தில் இருந்த பெரியமாமிக்குக் கோபம் வந்துவிட்டது.

"பென்சன் கிடக்கட்டும். நீ இருக்கிற இந்தச் சீதன வீடு சாதகத் திகதிக்கு வந்தது, விளங்குதோ?"

வம்சாவளியில் இப்போது 1920 என்று இருக்கிறது.