ஒரு ஸ்டில் போதும்

நாலு ரிட்டயர்டு ஆசாமிகள் சேரும் இடத்தில் இவர் கட்டாயம் இருப்பார். பழைய ஆங்கிலப் போர்ப்படத்தின் ஸ்டில் ஒன்றைப் பெயர் சொல்லாமல் நீட்டினால் போதும், பேப்பரை மடித்து வைத்துவிடுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கைபேசியை மூக்கருகே கொண்டுபோய், நடிகர் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வார். முகத்தைப் பார்த்துப் படத்தின் பெயர் சொல்வது, அவரைப் பொறுத்தவரை பிட் அடித்துப் பாஸ் பண்ணுவது.

முதலில் ஹெல்மெட்டுக்குப் போவார். காதுவரை இறங்கினால் ஜெர்மன். கவிழ்த்துவைத்த தட்டு மாதிரி இருந்தால் பிரிட்டிஷ். உச்சியில் மேடு ஓடினால் பிரெஞ்சு. அதோடு பதுங்குகுழியும் கறுப்பு வெள்ளையும் சேர்ந்துவிட்டால், “பாத்ஸ் ஆஃப் குளோரி, 1957, குப்ரிக்” என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பரை எடுத்துக்கொள்வார். இதெல்லாம் அவருக்கு அரிச்சுவடி.

டாங்கி வந்தால்தான் நிமிர்ந்து உட்காருவார். “சக்கரத்தைப் பாருங்க சார். டைகர்னா சக்கரம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கணும். இதுல அஞ்சு பெரிய சக்கரம் தனித்தனியா நிக்குது. இது ரஷ்யாக்காரன் டி-34. மேல தகரம் அடிச்சு டைகர் வேஷம் போட்டிருக்கான். யூகோஸ்லாவியாவுல எடுத்தது. கெல்லிஸ் ஹீரோஸ், 1970.” அந்த ஸ்டில்லில் கிளின்ட் ஈஸ்ட்வுட் பாதித் திரைக்கு நின்றுகொண்டிருப்பார். அவரைச் சீந்தமாட்டார்.

இவர் ஜெயிப்பதே படக்காரர்கள் செய்த தப்பில்தான். யுத்த சரித்திரத்தைக் கரைத்துக் குடித்த பேராசிரியர் ஒருவரை இந்தப் பந்தயத்தில் உட்காரவைத்தால் டெபாசிட் போய்விடும். ‘பேட்டில் ஆஃப் தி பல்ஜ்’ ஸ்டில்லைக் காட்டினால், ‘1944 டிசம்பர், பனி கொட்டிய ஆர்டென்ஸ் காடு’ என்று அவர் யோசிக்கவே முடியாது. படத்தின் கடைசிச் சண்டை காய்ந்த ஸ்பெயின் பொட்டலில் நடக்கிறது. ஜெர்மன் டாங்கியாக வருவது, போர் முடிந்தபின் அமெரிக்கா செய்த எம்-47 பேட்டன். நம்மவருக்கோ அந்தப் பொட்டலைக் கண்டாலே போதும். இன்னும் கேட்டால், ‘பேட்டன்’ படத்தில் ஜெனரல் பேட்டனை எதிர்த்து வரும் ஜெர்மன் டாங்கிகளும் பேட்டன் டாங்கிகளே என்பார். 1965-ல் கேம்கரண் பக்கம் நம் ஜவான்கள் நொறுக்கிக் குவித்த அதே வம்சம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் பூரிப்பை, பேரன் பிறந்தபோதுகூட யாரும் பார்த்ததில்லை என்கிறார்கள்.

‘வேர் ஈகிள்ஸ் டேர்’ படத்தை ஹெலிகாப்டரை வைத்துப் பிடிப்பார். கதை நடக்கும் காலத்தில் அந்த பெல் ரகம் பறக்கவே ஆரம்பிக்கவில்லை. ‘தி கிரேட் எஸ்கேப்’ என்றால் மோட்டார் சைக்கிள். ஜெர்மன் ராணுவ வண்டி என்று ஸ்டீவ் மக்வீன் ஓட்டுவது சுத்தமான இங்கிலீஷ் டிரையம்ஃப். முள்வேலியைத் தாண்டிக் குதிப்பது மக்வீனே இல்லை, பட் எக்கின்ஸ் என்பதையும் நாம் கேட்காமலே சொல்லுவார். ஹீரோ கடைசியில் தப்பித்தானா என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் முழிப்பார்.

‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ பாலத்தைக் காட்டினால் பாதி மரத்தூண் போதும். “தாய்லாந்துன்னு நம்பிடாதீங்க. இலங்கையில கித்துல்கல. ஓடுறது களனி ஆறு.” சரிதான். சயாம்–பர்மா ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள், படத்தில் ஒருவரைக்கூடக் காணோமே என்று ஒருநாள் யாரோ கேட்டார்கள். “ஸ்டில்லுல இருக்கறதைத்தான் நான் சொல்ல முடியும்” என்று நகர்ந்துவிட்டார். அவர் வரைக்கும் நியாயமான பதில். படம் எடுத்தவர்களுக்கும் இதே பதில்தான் போலிருக்கிறது.

பதில் சொல்லும்போது இவரைப் பொறுத்துக்கொள்ளலாம். கேள்வி கேட்க ஆரம்பித்தால்தான் ஆபத்து. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எங்களைக் கூப்பிட்டு ஒரு ஸ்டில் காட்டினார். மணல், மேலே வானம். ஆள் இல்லை, டாங்கி இல்லை, ஹெல்மெட் கிடையவே கிடையாது.

“க்ளூ ஒண்ணு. படத்துல எந்தப் பொம்பளைக்கும் ஒரு வசனம் கிடையாது.”

போர்ப்படத்தில் பாதி இதில் அடங்கிவிடும்.

“க்ளூ ரெண்டு. கொஞ்சம் ஸ்பெயின்ல எடுத்தது.”

மீதிப் பாதியும் அடங்கிவிட்டது. ‘பேட்டன்’ என்றார் ஒருவர். ‘டெசர்ட் ஃபாக்ஸ்’ என்றார் இன்னொருவர். “ஸ்பெயினுக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்?” என்று அவருக்குச் சூடு கிளம்பியது.

“கடைசி க்ளூ. இந்த டைரக்டர் இதுக்கு முன்னால எடுத்த படத்துலயும் ரயில் கவிழும்.”

நல்ல க்ளூதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குள் எங்கள் கவனம் சமையலறையிலிருந்து வந்த வெங்காய பஜ்ஜி வாசனைக்குப் போய்விட்டது. தட்டோடு வந்த அவர் மனைவி, போகிற போக்கில் எட்டிப் பார்த்தார்.

“ஏங்க, இது அந்த ஒட்டகப் படம்தானே? நீலக்கண்ணு ஹீரோ நடிச்சது?”

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வேதான். அவர் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஒட்டகப் படம்னு சொன்னா மார்க் கிடையாது. பேரு, வருஷம், ரெண்டும் சொல்லணும்” என்றார்.

“மார்க்கை நீங்களே வச்சுக்குங்க. அந்தச் சின்னப் பையன் புதைமணல்ல மாட்டிக்கிட்டு முங்கிப் போவானே... அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறே இறங்கல.”

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மணலை மறுபடி உற்றுப் பார்த்தார்.

“எந்தப் பையன்?”