டைரக்டர் அண்ணே

பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வந்ததும் துறைக்கு ஒருவன் இப்படி முளைத்துவிடுகிறான். ஹால் டிக்கெட்டில் அவனுக்கு வேறு பெயர் இருக்கும். ஜூனியர்களுக்கு அவன் ‘டைரக்டர் அண்ணே’. கேன்டீன்காரருக்கு ‘டைரக்டரு’, அதுவும் பாக்கி கேட்கும்போது மட்டும். வருகைப் பதிவேட்டில் பெரும்பாலும் ‘ஆப்சென்ட்’.

ஆளை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். எந்த வெயிலிலும் கறுப்பு டீ-ஷர்ட்தான். ஒரு கண்ணைச் சுருக்கித்தான் எதையும் பார்ப்பான். பேனா இருக்க வேண்டிய பையில் லென்ஸ் மூடி இருக்கும். லென்ஸ் இருக்காது, அது வாடகைக்கு எடுப்பது. சொந்தத் தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்தில்கூட, “மாமா, கொஞ்சம் இங்கிட்டு வந்து அழுங்க, அங்க மூஞ்சில லைட் விழல” என்று சொல்லக்கூடியவன்.

மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வாத்தியார் வேலை பார்ப்பவன் நான். ‘ஸ்டாஃப் இன்சார்ஜ்’ என்ற பதவி எப்போதும் வயதில் இளைய வாத்தியார் தலையில்தான் விழும் என்பதால், இந்த இனத்தை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. பெண் டைரக்டர்களும் இப்போது வந்துவிட்டார்கள். யார், எங்கே, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று எக்செலில் போட்டு, சொன்ன நேரத்துக்கு முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரைக்கு அவர்களால் பிரயோஜனமில்லை.

எல்லாம் பிப்ரவரியில் ஆரம்பிக்கும். துறை விழாவான சிம்போசியம் நெருங்குகிறது. துறைத் தலைவர் அவனைக் கூப்பிட்டு, “ஒரு நிமிஷத்துக்கு ஒரு ப்ரோமோ வீடியோ எடுத்துருப்பா. தேதி, இடம், கட்டணம், பதிவு பண்ணக் கடைசி நாள், இந்த நாலும் வந்தாப் போதும்” என்பார். அவன் காதில் விழுவது வேறு: “தம்பி, உன்கிட்ட ஒரு கதை இருக்காமே?”

அன்று சாயங்காலமே டீக்கடையில் கதை விவாதம். மறுநாள் காலை துறைத் தலைவர் அறையில் கதை சொல்லும் படலம்.

“ஓப்பன் பண்ணா ஒரு மலை சார். ஒருத்தன் ஓடிட்டிருக்கான்.”

“ஏன் ஓடுறான்?”

“அத ஆடியன்ஸ் யோசிக்கணும் சார். ஓடுறான், ஓடுறான், கடைசில ஒரு கதவு. தொறக்குறான். ஒரே வெளிச்சம். டைட்டில்.”

“இதுல சிவில் எங்கப்பா வருது?”

“கதவு இருக்குல்ல சார், அந்த பில்டிங் சிவில்தான சார்.”

துறைத் தலைவர் கான்கிரீட்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். நெற்றியைத் தடவிக்கொண்டு தலையை ஆட்டினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள அவனைப் போன்ற நல்ல மனம் வேண்டும்.

வீட்டில் இந்த அளவுக்குச் சுலபமில்லை. அப்பாவைச் சமாளிக்க அவனிடம் ஒரு ஸ்தல புராணம் தயாராக உண்டு. கார்த்திக் சுப்பராஜ் மதுரைக்காரர், இன்ஜினியரிங் படித்தவர், சாஃப்ட்வேர் வேலையிலிருந்து கலைஞர் டிவியின் ‘நாளைய இயக்குநர்’ போட்டிக்குப் போனவர், 2012-ல் ‘பீட்சா’ எடுத்தவர் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான். லோகேஷ் கனகராஜ் வங்கியில் வேலை பார்த்தவர் என்பது அதில் வரும் கிளைக்கதை. “சரிப்பா, அவங்க ரெண்டு பேருமே மொதல்ல ஒரு வேலைக்குப் போயிருக்காங்கல்ல?” என்று அப்பா கேட்பார். அந்த இடத்தில் டைரக்டரின் போனுக்கு ஒரு கால் வந்துவிடும்.

அடுத்தது படக்குழு. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் படிக்கிற பிள்ளைகளுக்கு 75 சதவீத வருகை என்பது தலைக்கு மேல் தொங்கும் கத்தி. ‘ஆன் டூட்டி’, அதாவது ஓடி கிடைத்தால் வெளியே சுற்றிக்கொண்டே வகுப்பில் இருந்த கணக்கு. ஆகவே ப்ரோமோ என்றதும் ஊரே உதவி இயக்குநராகிவிடும். என்னிடம் கையெழுத்துக்கு வந்த பட்டியலில் கேமராமேன் ஒருவன், அவனுக்கு உதவியாளர்கள் ஏழு பேர், ‘வாட்டர் இன்சார்ஜ்’, ‘மூட் இன்சார்ஜ்’. மூட் இன்சார்ஜ் என்றால் என்னப்பா என்றேன். டைரக்டர் டென்ஷனானால் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறவனாம்.

படப்பிடிப்புக்கு அவன் தேர்ந்தெடுத்தது கீழக்குயில்குடி. மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சமணர் மலை, அடிவாரத்தில் அய்யனார் கோயில், பெரிய ஆலமரம், தாமரைக்குளம். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்காத மதுரை ஜோடி இருக்கலாம். எடுத்த ஜோடி இந்தக் குளத்தங்கரையில் ஒரு முறையாவது கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும். குளத்தைப் பார்த்ததும் அவன் ஒரு கண்ணைச் சுருக்கி, “இங்க கோல்டன் ஹவர்ல வெக்குறோம் சார். பூவெல்லாம் விரிஞ்சு கெடக்கும், சூரியன் எறங்கும், ஹீரோ திரும்புவான். கொல மாஸ்” என்றான்.

ஆகவே காலை எட்டு மணிக்கு வந்த படை, சாயங்கால வெளிச்சத்துக்காகக் காத்திருந்தது. மத்தியானம் பரோட்டா பார்சல். வாடகைக் கேமரா பைக்குள் தூங்கியது. அதற்கு ஈடாகக் கடையில் யாரோ ஒரு ஜூனியரின் அசல் ஆதார் அட்டை தூங்கியது. ஐந்தரைக்கு எல்லாரும் குளக்கரைக்குப் போய்ப் பார்த்தால், குளம் முழுக்க மொட்டு. ஒரு பூகூட விரிந்திருக்கவில்லை. கோயில் வாசலில் மாலை கட்டிக்கொண்டிருந்த ஆத்தா நிமிர்ந்து பார்த்தார்.

“என்னய்யா தேடுறீக?”

“பூ எங்க ஆத்தா?”

“காலையில பூத்து மத்தியானமே கூம்பிருச்சேய்யா. தாமர வேற எப்பப் பூக்கும்?”

டைரக்டர் ஒரு நிமிடம் ஆடிப்போனான். பிறகு உதவியாளர்கள் பக்கம் திரும்பி, “இதுதான் வேணும். மொட்டுன்னா ஃப்யூச்சர்டா. ஸ்டூடண்ட்ஸ்னாலே மொட்டுதானடா” என்றான். மூட் இன்சார்ஜ் பாட்டைப் போட்டான். எந்தச் சொதப்பலையும் நொடியில் குறியீடாக்கிவிடும் இந்தத் திறமை மட்டும் பாடத்திட்டத்தில் இருந்தால் அவனுக்கு அரியர் இருந்திருக்காது.

மலைமேல் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. ட்ரைபாடு வைத்துப் படமெடுக்க முன் அனுமதி வேண்டும் என்று சொல்லி வெறுங்கையோடுதான் அவனை மேலே கூட்டிப்போனேன். சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் இருப்பது, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களா சார், அப்பவே கிரெடிட் போட்டுருக்காங்க.” இறங்கும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

ட்ரோன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்யாண போட்டோகிராபரிடம் வேலை பார்க்கும் பங்காளி ஒருவன் கொண்டுவந்தான். எடை 249 கிராம். 250 கிராமுக்குள் இருந்தால் பைலட் லைசென்ஸ் வேண்டாம் என்று 2021 ட்ரோன் விதிகளை டைரக்டர் வரி பிசகாமல் சொன்னான். மண்ணியலில் ஒரு சூத்திரம் அவனுக்கு இப்படி வந்ததில்லை. மேலே போன ட்ரோனை ஒரு பருந்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. பங்காளி பயந்துபோய் இறக்கிவிட்டான். பதிவானது, அண்ணாந்து பார்க்கும் உதவி இயக்குநர்களின் வாய்கள் மட்டும்.

ரிஃப்ளெக்டர் கிடையாது. போன வருட மேடை அலங்காரத்தில் மிஞ்சிய தெர்மாகோல்தான். அதில் ‘வருக’ என்று பாதி எழுத்து இருந்ததால், ஹீரோவின் குளோசப்பை உற்றுப் பார்த்தால் கண்மணிக்குள் ‘வரு’ தெரியும். கிளாப் அடிக்கக் கை இருக்கிறது. ஓடும் ஷாட்டுக்கு பைக்கின் பின் சீட்டில் திரும்பி உட்கார்ந்து கேமராமேன் எடுத்தான். ஒலிப்பதிவு என்று ஒன்று நடந்தது. காற்று, ஆடு, தூரத்தில் காதுகுத்து வீட்டு ஸ்பீக்கர் எல்லாம் தெளிவாகப் பதிந்தன. ஹீரோவின் வசனம் பதியவில்லை. “விடு மாப்ள, டப்பிங்ல பாத்துக்கலாம்” என்றான் டைரக்டர். இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் தமிழ்நாட்டின் எல்லா ப்ரோமோவும் வெளியில் எடுக்கப்படுகிறது.

ஒரு நாளில் முடியவில்லை. மிச்சத்தை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளினார்கள். நடுவில் புதன்கிழமை கேம்பஸ் இன்டர்வியூ. கம்பெனி வருகிறது என்றால் முகத்தில் ஒரு முடி இருக்கக்கூடாது என்பது கல்லூரிச் சட்டம். ஹீரோ மழுங்கச் சிரைத்துக்கொண்டு சனிக்கிழமை வந்து நின்றான். ஆக, படத்தில் மலையடிவாரத்தில் தாடியோடு ஓட ஆரம்பிக்கிறவன் கதவைத் திறக்கும்போது பச்சைப் பிள்ளை மாதிரி இருப்பான். “கேரக்டர் ஆர்க் சார்” என்றான் டைரக்டர். ஹீரோவுக்கு வேலையும் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம்.

எடிட்டிங் ஹாஸ்டல் அறையில். எடிட்டர் என்பவன் தனி ஜீவன். வெயிலுக்கு வராதவன், ஓடி கேட்காதவன், போஸ்டரில் பெயர் போட மறந்தாலும் கோபிக்காதவன். லேப்டாப் சூடாகிவிடும் என்று டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு, இவன் வேர்த்து வழிவான். டைரக்டர் பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டு உத்தரவு போடுவான்.

“ரெண்டு ஃபிரேம் முன்னாடி கட் பண்ணு மாப்ள.”

“பண்ணிட்டேன்.”

“ஃபீல் போயிருச்சு. பழையபடியே வை.”

ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். இரண்டு ஃபிரேம் என்றால் நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதற்காக விடிய விடியச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஆனால் தேதியை எந்த இடத்தில் போடுவது என்று ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. அப்படி ஓர் இரவில் அறை வாசலில் நின்று பார்த்தேன். முப்பது நிமிட வகுப்பில் கொட்டாவி விடும் அதே முகங்கள், நள்ளிரவில் ஒரு கதவு திறக்கும் காட்சியைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பின்னணி இசைக்கு ஹான்ஸ் ஜிம்மர் ‘அரேஞ்ச்’ செய்யப்பட்டிருந்தார். யூடியூபில் வெள்ளோட்டமாக ஏற்றியதும் காப்பிரைட் நோட்டீஸ் வந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, “ஹாலிவுட் வரைக்கும் ரீச் ஆயிருச்சு” என்று அவனே ஸ்டேட்டஸ் வைத்தான்.

முதல் காட்சி துறைத் தலைவருக்கு. ஓட்டம் முழுக்க நொடிக்கு 120 ஃபிரேமில் எடுத்து 24-ல் ஓடவிட்டது, அதாவது ஐந்து மடங்கு மெதுவாக. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தலைவர், “ஏம்ப்பா இவ்வளவு மெதுவா ஓடுறான்? பிஹெச்டி ஸ்டூடண்டா?” என்றார். பிறகு திருத்தங்கள் சொன்னார். சேர்மன் படம் வரவேண்டும். பிரின்சிபால் படம் வரவேண்டும், சேர்மன் படத்தைவிடச் சின்னதாக. கல்லூரிக்கு நாக் (NAAC) கமிட்டி கொடுத்த கிரேடு வரவேண்டும். ஸ்பான்சர் செய்த பேக்கரியின் லோகோ வரவேண்டும். தயங்கித் தயங்கிக் கடைசியாக, “நானும் ரெண்டு வார்த்தை பேசுனா நல்லாருக்குமோ?” என்றார். பேசினார். இரண்டு வார்த்தை நாற்பது நொடி ஆனது. மூன்று முறை தலை வாரிக்கொண்டார்.

இத்தனையும் சேர்ந்து, படம் வெளியாகிப் பாராட்டும் குவிந்த பிறகு, பக்கத்துக் கல்லூரிப் பெண் ஒருத்தி கமென்ட் போட்டாள்: “செம ப்ரோ. எப்போ சிம்போசியம்?”

தேதி டிஸ்கிரிப்ஷனில் இருக்கிறது என்று பதில் போட்டுவிட்டு, அவன் அவசர அவசரமாக டிஸ்கிரிப்ஷனில் தேதியைச் சேர்த்தான். கூட்டம் வந்தது என்னவோ உண்மை. பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய போஸ்டரைப் பார்த்து வந்ததாகப் பாதிப் பேர் சொன்னார்கள். அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

சிம்போசியம் அன்று அவன் எங்கே என்று தேடினால் மேடைமேல் நிற்கிறான். அடுத்தது, விழா முடிந்தபின் போடும் ‘ஆஃப்டர் மூவி’யாம். பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற தலைமைப் பொறியாளர் சிறப்பு விருந்தினர். குத்துவிளக்கை ஏற்றிவிட்டு நகரப் போனவரை டைரக்டர் மறித்தான்.

“சார், ஒன் மோர். ஃபோகஸ் போயிருச்சு.”

அரங்கமே திகைத்தது. நான் எழுந்து ஓடினேன். பெரியவர் கோபிப்பார் என்று பார்த்தால், எரிகிற திரிமேல் மறுபடி மெழுகுவர்த்தியைப் பிடித்தபடி, “மொகம் இந்தப் பக்கம் இருக்கட்டுமா தம்பி?” என்று கேட்கிறார். அவருக்குப் பின்னாலிருந்து எங்கள் துறைத் தலைவர் மெதுவாக ஓரடி இடதுபக்கம் நகர்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, “நான் ஃபிரேம்ல இருக்கேனா?” என்றார்.