மூன்று கல் அடுப்பும் இரண்டு கால் தொட்டியும்

(இந்த வாரக் கேள்விகள் அத்தனையும் ஆடலூர்க் காபித் தோட்டக்காரர் ஒருவருடையவை. ஒரே உறையில் வந்தன. தபால் செலவில் சிக்கனம்.)

கே: திருச்சி பெல் ஆலையில் சேர்ந்த என் மகன், 'கால்களுக்கு ஸ்ட்ரெஸ் பார்க்கிறேன்' என்கிறான். வைத்தியமா?

ப: வருமுன் காக்கும் வைத்தியம், ஆனால் தொட்டியின் கால்களுக்கு. நீராவியையோ கேஸையோ அழுத்தி அடைத்த தொட்டி என்றால் எல்லாரும் அதன் வயிற்றைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். காலைப் பார்த்துப் பயப்படுவதற்கு உங்கள் மகனுக்குச் சம்பளம்.

கே: அடுப்புக்கே மூன்று கல் வைக்கிறோம். 'புல்லட்' என்று படுத்துக் கிடக்கிற அவ்வளவு நீள கேஸ் தொட்டிக்கு இரண்டே தாங்கிகளா? கஞ்சத்தனம்!

ப: தோட்டத்தில் வெட்டிய சில்வர் ஓக் தடியை முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று தூக்கட்டும். ஆளுக்குப் பாதி, வம்பில்லை. நடுவில் மூன்றாமவர் தோள் கொடுத்தால்? உங்கள் ஊர்ப் பாதையில் மேடு வந்தால் பெரும்பாரம் அவர் தோளில். பள்ளம் வந்தால் அவர் சும்மா கூட நடப்பார், கூலி மட்டும் சமம். தொட்டிக்கும் அதே கதைதான். அடித்தளம் சில மில்லிமீட்டர் இறங்கினாலே மூன்று தாங்கிகளின் பாகப்பிரிவினை குலைந்துவிடும். அடுப்புக் கற்கள் ஒரே வரிசையில் இல்லை என்பதால் பானை தப்பித்தது.

இந்தத் தாங்கிக்குப் பெயர் 'சேடில்', அதாவது சேணம். தொட்டியின் அடிவயிற்றைக் குறைந்தது 120 டிகிரிக்காவது அணைத்திருக்க வேண்டும் என்பது வழக்கம். அணைப்பு முடிகிற மேல்நுனிக்குக் 'கொம்பு' என்று பெயர். தகடு அதிகம் வருந்துவது அங்கேதான். அமெரிக்கப் பொறியாளர் ஜிக் 1951-ல் எழுதிய கட்டுரைதான் இன்றைக்கும் இந்தக் கணக்குக்குப் பாலபாடம். மகனிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், மரியாதை கூடும்.

கே: ஒரு சேடிலில் மட்டும் போல்ட் துளை நீளமாக இருக்கிறதாமே. துளை போட்டவர் தூங்கிவிட்டாரா?

ப: நன்றாக விழித்திருந்தார். 10 மீட்டர் இரும்பு 100 டிகிரி சூடேறினால் சுமார் 12 மில்லிமீட்டர் நீளும். இரண்டு காலையும் இறுக்கிக் கட்டினால் அந்த நீளம் கான்கிரீட்டிலோ தகட்டிலோ வெடிப்பாக வெளிவரும். அதனால் ஒரு காலுக்குக் கட்டு, இன்னொன்றுக்கு நகர இடம்.

கே: அனல்மின் நிலையத்து ராட்சச பாய்லருக்கு எத்தனை கால்?

ப: கால் ஏது? வௌவால் ஜாதி. மேலே உள்ள எஃகுச் சட்டத்திலிருந்து கம்பிகளில் தொங்கும். சூடேறினால் கீழ்நோக்கி ஒரு சாண் அளவுகூட இறங்கும்.

கே: காலால் கெட்ட தொட்டி உண்டா?

ப: உண்டு. 2011 மார்ச் 11, ஜப்பானில் சிபா சுத்திகரிப்பு ஆலை. உருண்டையான கேஸ் தொட்டி ஒன்றில் சோதனைக்காகத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். தண்ணீரின் எடை திரவ கேஸைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பூகம்பத்தில் கால்களைப் பிணைத்த குறுக்குக் கம்பிகள் அறுந்தன. அரை மணி நேரத்தில் வந்த பின்னதிர்வில் கால்கள் மடங்கின. தொட்டி சாய்ந்து பக்கத்துக் குழாய்களை உடைத்தது; கசிந்த கேஸ் பற்றிக்கொண்டது. எரிகிற பொருள் எதுவும் இல்லாத தொட்டி வைத்த தீ அது. அணைக்கப் பத்து நாளாயிற்று.

கே: சரி, மலையில் இருக்கும் எனக்கு இதெல்லாம் எதற்கு?

ப: உங்கள் சமையலறையிலும் ஒன்று நிற்கிறதே, 14.2 கிலோ சிலிண்டர்! அதன் அடிவளையமும் தாங்கிதான். ஈரத் தரையில் அடித்தகடு படாமல் தூக்கிப் பிடிப்பது அது. அடுத்த முறை சிலிண்டர் வரும்போது சாய்த்துப் பாருங்கள். வளையம் துருவேறி அரித்திருந்தால், கொண்டு வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்புங்கள்.