மருமகள் சொன்ன பாதி உண்மை

கேள்வி: பேரன் பிறந்தநாளுக்கு ஐஸ்கிரீம் கேக் வாங்கப் போகிறோம். "பாலில் செய்ததுதானே மாமா, சத்துதான்" என்கிறாள் மருமகள். அப்படியா?
– ஒரு தாத்தா, பபேடான், யாங்கோன்

பதில்: பாதி உண்மை. 100 கிராம் வெண்ணிலா ஐஸ்கிரீமில் சுமார் 3.5 கிராம் புரதமும் 130 மில்லிகிராம் கால்சியமும் உண்டு. மருமகள் சொல்லாத மீதிப் பாதி: சர்க்கரை 21 கிராம், கொழுப்பு 11 கிராம், 200 கலோரிக்குக் கொஞ்சம் மேலே. கேக்கும் க்ரீமும் சேர்ந்தால் கணக்கு இன்னும் ஏறும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள், முடிந்தால் 25-க்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரிய துண்டு ஒன்று போதும், அன்றைய கோட்டா காலி!

அதற்குப் பதில் உங்கள் ஊர் ஃபலூடா? சப்ஜா விதையில் நார்ச்சத்து, முட்டைப் புட்டிங்கில் புரதம், சர்க்கரை சேர்க்காத கடற்பாசி ஜெல்லியில் கலோரி ஏறக்குறைய பூஜ்யம். ஆஹா என்று உட்காராதீர்கள். ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து, சிரப் முழுக்கச் சர்க்கரை, உச்சியில் அதே ஐஸ்கிரீம். கட்சி மாறினாலும் கொள்கை ஒன்றுதான்.

சாப்பிட்டுவிட்டு அனவ்ரத்தா சாலை ஸ்ரீ காளி கோயிலுக்கு நடந்து போய் வாருங்கள். 1871-இல் நம்மவர் கட்டிய கோயில். அம்மன் பாவத்தை மன்னிப்பாள். கலோரியை நடைதான் மன்னிக்கும். பேரனுக்கு ஒரு துண்டு. சர்க்கரை நோய் இருந்தால் உங்களுக்குக் கைதட்டும் வேலை மட்டும்!