சுவரில் ஓடும் வரலாறு

கேள்வி: வீட்டிலேயே பாடம் கற்கும் பிள்ளைகளுக்கு வரலாற்றுக் காலக்கோடு எதற்கு? எந்த நிலைப் புத்தகம் பொருந்தும்?

பதில்: காலக்கோட்டின் வேலை ஆண்டுகளை உருப்போட வைப்பதல்ல, இடைவெளிகளைக் கண்ணுக்குக் காட்டுவது. 1765இல் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி சுமார் 2,000 பேரின் வாழ்நாளை ஒரே விளக்கப்படத்தில் கோடுகளாக வரைந்தார். சம காலத்துக்குச் சம நீளம் என்பதே விதி. 10 ஆண்டுக்கு 1 செ.மீ. என்று சுவரில் தாள் ஒட்டினால், எகிப்து அரசி கிளியோபாட்ரா, அந்நாட்டுக் கீசாவின் பெரிய பிரமிடைவிட 1969இன் நிலாப் பயணத்துக்கே அருகில் நிற்பார்! பக்கம் பக்கமாகப் படித்தும் பிடிபடாத உண்மை அது.

இனி புத்தக நிலை. 1999இல் ஜெஸ்ஸி வைஸ், சூசன் வைஸ் பாவர் என்ற அமெரிக்கத் தாயும் மகளும் எழுதிய வீட்டுக்கல்வி நூல், உலக வரலாற்றை நான்கு ஆண்டுச் சுற்றாக, 12 ஆண்டில் மூன்று முறை படிக்கச் சொல்கிறது. முதல் சுற்றில் கதை, இரண்டாவதில் காரணம், மூன்றாவதில் மூலநூல்களும் விவாதமும். ஆகவே அக்காவும் தம்பியும் ஒரே காலத்தைப் படிக்கலாம். புத்தகம் மட்டும் வேறு. புத்தகத்தில் உள்ள வகுப்பு எண்ணை நம்ப வேண்டாம். ஒரு பக்கம் படித்ததைக் குழந்தை தன் சொல்லில் திருப்பிச் சொன்னால் அந்த நிலை சரி. திணறினால் ஒரு படி இறங்குவதே நல்லது.