சக்கியும் கிருஷ்ணனும்: மொட்டைமாடி ஆய்வின் இடைக்கால அறிக்கை

திருவனந்தபுரத்துப் பருந்துகளைப் பற்றி இதுவரை நடந்த ஆய்வுகளில் ஒரு பெருங்குறை உண்டு. செய்தவர்கள் யாரும் பருந்திடம் பழம்பொரியைப் பறிகொடுத்தவர்கள் அல்லர். சலீம் அலி 1933இல் திருவிதாங்கூரைச் சுற்றிவந்து பறவைகளைக் கணக்கெடுத்தார். மகா மேதைதான். ஆனால் அவர் கையில் இருந்தது தொலைநோக்கி, தின்பண்டம் அல்ல.

இக்கட்டுரையாளர் சங்குமுகம் கடற்கரையில் பறிகொடுத்திருக்கிறார். பின்னாலிருந்து வந்தது, விரலில் கீறல்கூட விழவில்லை. பறந்தபடியே காலை அலகுக்குக் கொண்டுபோய்த் தின்றது. இறங்கி உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிடும் சோம்பல் அந்த இனத்துக்கு இல்லை.

களத்தில் இருப்பவை இரண்டு. வால் நடுவே பிளந்து, உடம்பெல்லாம் பழுப்பாக இருப்பது கரும்பருந்து, மலையாளத்தில் சக்கிப்பருந்து. வால் நுனி வட்டமாக, தலையும் மார்பும் வெள்ளையாக, மற்றதெல்லாம் செங்கல் நிறமாக இருப்பது செம்பருந்து. இங்கே கிருஷ்ணப்பருந்து, நமக்குக் கருடன். இரண்டுக்கும் அறிவியல் பெயர் சூட்டியவர் போடார்ட் என்ற டச்சுக்காரர், 1783இல், ஒரே மூச்சில். கருடனுக்கு அவர் ஆதாரமாகக் கொண்டது புதுச்சேரிப் பறவை. ஆக, பெருமாளின் வாகனம் புதுச்சேரிப் பதிவு. வைகுண்டத்தார் ஆட்சேபிக்கலாம்.

சாப்பாட்டில் இரண்டுக்கும் பெரிய பேதம் இல்லை. செத்த எலி, கோழிக்குடல், விழிஞ்ஞத்தில் வலை உதறும்போது சிதறும் மீன் என்று வாய்த்ததைத் தின்னும். வாய்க்காவிட்டால் இன்னொரு பறவையின் வாயிலிருப்பதைப் பறிக்கும். சாலைக் கம்போளம் என்ற இவ்வூர்ச் சந்தைக்கும் சாளை மீனுக்கும் நாக்கு மடிவதில்தான் வித்தியாசம். பருந்துக்கு அதுவும் இல்லை.

ஆனால் மரியாதை? கரமனை அக்ரகாரத்து மொட்டைமாடியில் என் ஆய்வுக்குத் துணைநின்ற பெரியம்மா, அழுகிய மத்தியைத் தூக்கிக்கொண்டு போன கருடனைப் பார்த்து, "கன்னத்துல போட்டுக்கோடா" என்றாள். அடுத்து வந்த சக்கிக்கு வடாம் காவலுக்கு வைத்திருந்த கம்பு.

சிக்கல் இனிமேல்தான். கருடன் குஞ்சு வளரும்போது வெள்ளைத் தலையோடு வளர்வதில்லை. அதுவும் பழுப்பே, தூரத்துக்குச் சக்கியேதான். நிறம் மாற ஓரிரு ஆண்டு பிடிக்கும். வாலின் வடிவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்கிறது நூல். கம்பை ஓங்கிய கையோடு வாலை யார் பார்ப்பது? பெரியம்மா இதுவரை எத்தனை இளங்கருடன்களை விரட்டினாள் என்ற கணக்கை அவள் மனம் நோகும் என்று இவ்வறிக்கையில் சேர்க்கவில்லை.

குணத்தைப் பார்த்தால் சக்கி மட்டமானதில்லை. ஸ்பெயினில் கரும்பருந்துகள் கூட்டில் வெள்ளைப் பிளாஸ்டிக்கைச் செருகி வைப்பதை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வந்தது. வலுவான ஜோடி நிறைய வைக்கும்: "வம்புக்கு வராதே" என்று பொருள். வலுவில்லாதது அடக்கமாக இருக்கும். ஆய்வாளர்களே கொண்டுபோய் வைத்தாலும் எடுத்து வீசிவிடும், சண்டையை வாங்கக் கட்டாது என்று. கடன் வாங்கி வீட்டு முகப்பைக் கட்டுவோர் நிறைந்த ஊரில் இதைச் சத்தமாகச் சொல்ல இக்கட்டுரையாளருக்குத் துணிவில்லை.

எஞ்சுவது விமானப் பிரச்சினை. பங்குனி, ஐப்பசி ஆராட்டுகளில் பத்மநாபசுவாமி கருட வாகனத்தில் விமான ஓடுபாதையைக் கடந்து சங்குமுகத்தில் நீராடப் போவார். அதற்காகச் சுமார் 5 மணி நேரம் விமானங்கள் நிற்கும். விமானிகளுக்கு முன்கூட்டியே முறைப்படி அறிவிப்பும் போகும். மற்ற நாட்களில் ஓடுபாதைக்கு மேல் வரும் கருடன் எந்த அறிவிப்பும் தருவதில்லை. அப்போது வெடி போட்டு விரட்டுகிறார்கள்.